ஹீரோஸ் 4: மூன்றாவதை ஆடித் தீர்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் வரிசையின் மூன்றாவது ஆட்டம் 1999இல் வந்தது, நான்காவது 2002இல். இரண்டையும் உருவாக்கியது நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங், வெளியிட்டது த்ரீ டி ஓ. மூன்றில் ஊறியவர்கள் நான்கைத் திறந்ததும் கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றேதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். சுருக்கத்துக்காக இனி 'மூன்று', 'நான்கு' என்றே சொல்வோம்.

நான் இந்த வரிசையையே ஆடினதில்ல. என்ன மாதிரி கேம் இது?

ஆளுக்கொரு முறை மாற்றி மாற்றி ஆடும் உத்தி ஆட்டம். ஒரு முறை என்றால் ஒரு நாள், ஏழு நாள் ஒரு வாரம். டவுனில் ஒரு நாளுக்கு ஒரு கட்டடம் கட்டலாம், படை வாங்கலாம், அதை ஹீரோ என்ற தலைவரோடு மேப்பில் அனுப்பிச் சுரங்கம், புதையல், எதிரி டவுன் என்று பிடிக்கலாம். இரண்டு படை முட்டிக்கொண்டால் தனித் திரையில் சண்டை நடக்கும். மந்திரம், டிராகன், எலும்புக்கூடு எல்லாம் உண்டு. புதிதாக வருகிறவர் மூன்றில் தொடங்குவதே நல்லது. விதிகள் சீக்கிரம் பிடிபடும், நான்கில் மாறியது எது என்பதும் பிறகு தெளிவாகத் தெரியும்.

நாலு மோசம்னுதான் எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. நான்கின் விதிகள் துணிச்சலானவை, பலவும் மூன்றைவிட நன்றாக யோசிக்கப்பட்டவை. ஆனால் அந்த விதிகளை வைத்து ஆட கணினி எதிராளிக்குத் தெரியவில்லை. உங்கள் கையில் கொடுத்த சுதந்திரம் அதன் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே எதைக் குறை சொல்வதற்கு முன்னும் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: விதி சரியில்லையா, அல்லது விதி சரியாக இருந்தும் எதிராளிக்கு அதை ஆடத் தெரியவில்லையா? 'மூணுல இருந்தது இதுல இல்ல' என்கிற புகார்களில் பெரும்பாலானவை இரண்டிலும் சேராது. அது பழக்கதோஷம்.

அரைவேக்காடாக வந்தது என்பதும் நிஜம்தான். இணையம் வழியாகப் பலர் ஆடும் வசதி வெளியானபோது இல்லை, பின்னால்தான் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 2003இல், த்ரீ டி ஓ திவாலானது. வரிசையின் உரிமையை யூபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. நான்கை உட்கார்ந்து செப்பனிட நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் அதன் பிறகு இல்லை.

எந்தப் பதிப்பு வாங்கணும்?

'கம்ப்ளீட்' என்று பெயர் போட்ட முழுத் தொகுப்பு. அதில் தி கேதரிங் ஸ்டார்ம், விண்ட்ஸ் ஆஃப் வார் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்தே வரும். பழைய தனி வட்டை நிறுவினால் ஆரம்பகாலப் பிழைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், ரசிகர்கள் செய்த திருத்தங்களையும் அதன் மேல் ஏற்ற முடியாது.

மூன்றை இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2015இல் வந்த எச்டி பதிப்பில் விரிவாக்கங்கள் கிடையாது. அங்கேயும் 'கம்ப்ளீட்' தொகுப்பையே தேடி வாங்குங்கள்.

ஒன்பது டவுன் இருந்துச்சே, இதுல ஆறுதானா?

ஆறுதான். டவுன் வகைகள், அதாவது தனித்தனிப் படை கொண்ட அணிகள், மூன்றில் முதலில் எட்டு, முதல் விரிவாக்கத்தில் ஒன்பது. நான்கில் ஹேவன், அகாடமி, நெக்ரோபோலிஸ், அசைலம், ப்ரிசர்வ், ஸ்ட்ராங்ஹோல்ட். பழைய இன்ஃபெர்னோவை நெக்ரோபோலிஸோடு சேர்த்துவிட்டார்கள். எலும்புக்கூடும் டெவிலும் ஒரே ஊரில் குடியிருப்பதைப் பலரால் இன்றுவரை ஏற்க முடியவில்லை, அது நியாயமான எரிச்சல்.

ஐந்து டவுனுக்கு ஐந்து மந்திரப் பள்ளி: உயிர், ஒழுங்கு, மரணம், குழப்பம், இயற்கை. இதே வரிசையில் வட்டமாக வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவை நட்பு, எதிரே இருப்பவை பகை. ஆறாவதான ஸ்ட்ராங்ஹோல்டுக்கு மந்திரமே கிடையாது, முழுக்க உடல்பலம். எதிரெதிர் அணிகளை ஒரே படையில் கலந்தால் மன உறுதி குறையும். வழியில் தானாக வந்து சேர்கிற படையை எல்லாம் ஏற்றிக்கொள்வதற்கு முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

அப்கிரேட் எங்க போச்சு?

எடுத்துவிட்டார்கள். மூன்றில் ஒரு டவுனின் படைகளுக்கு ஏழு படி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்கிரேட், அதாவது காசு கொடுத்துப் பெறும் மேம்பட்ட வடிவம், ஆக 14 வகை. நான்கில் நான்கே படி, படிக்கு இரண்டு வகை. முதல் படியில் இரண்டையுமே கட்டலாம். இரண்டு, மூன்று, நான்காம் படிகளில் இரண்டில் ஒன்றைத்தான் கட்ட முடியும். ஒன்றைக் கட்டினால் அந்த டவுனில் மற்றதன் கதவு அடைபட்டுவிடும். ஆக ஒரு டவுனில் ஐந்து வகைப் படை கிடைக்கும்.

அப்கிரேடில் யோசிக்க ஒன்றுமில்லை. காசு இருந்தால் செய்வீர்கள், இல்லையென்றால் காத்திருப்பீர்கள். இங்கே எதைக் கட்டினாலும் ஒன்றை இழக்கிறீர்கள். எட்டில் மூன்று எப்போதும் கைவிட்டுப் போகும் என்பதால் ஒரே டவுனை இரண்டு விதமாக ஆடலாம். நான்கின் மிகச் சிறந்த மாற்றம் எங்கள் பார்வையில் இதுதான்.

சரி, அந்த ரெண்டுல எதைக் கட்டுறது?

எல்லா மேப்புக்கும் பொருந்தும் விடை இல்லை, ஒன்றிரண்டு இடங்களைத் தவிர. நெக்ரோபோலிஸின் மூன்றாம் படியில் வாம்பயர், வெனம் ஸ்பான் இரண்டில் வாம்பயரையே கட்டுங்கள். பறக்கும், அடித்தால் எதிரி திருப்பி அடிக்க முடியாது, அடித்த அடியில் உயிரை உறிஞ்சித் தன் ஆட்களை எழுப்பிக்கொள்ளும். மேப்பில் யாருக்கும் சேராமல் நிற்கும் நடுநிலைப் படைகளை இழப்பே இல்லாமல் அள்ளிக்கொண்டு வந்துவிடும். இதில் தேர்வு என்று ஒன்று இருப்பதே பெயரளவுக்குத்தான்.

ஹேவனின் மூன்றாம் படி உண்மையான இழுபறி. க்ரூசேடர் நெருங்கிப் போய் அடிக்கும், மங்க் தூரத்திலிருந்து தாக்கும். இரண்டாம் படியில் பலிஸ்டா கட்டியிருந்தால், முன்னால் நின்று அடிவாங்க ஆள் வேண்டும் என்பதால் க்ரூசேடர். பைக்மேன் கட்டியிருந்தால் மங்க். படிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், முன்வரிசைக்கு யார், பின்வரிசைக்கு யார் என்று சேர்த்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஸ்ட்ராங்ஹோல்டின் பெர்சர்க்கரை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். அவர்கள் உங்கள் சொல்பேச்சுக் கேட்காமல் தாங்களாகவே எதிரி மேல் பாய்வார்கள்.

வாரம் பொறந்தும் படை கூடலையே?

நான்கில் படை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. வாரத்துக்கு 14 என்று போட்டிருந்தால் நாளுக்கு 2. மூன்றில் வாரக் கடைசி நாளில் எதிரி டவுனைப் பிடித்து, விடிந்ததும் அந்த வாரப் படை மொத்தத்தையும் அள்ளிக்கொள்ளும் தந்திரம் உண்டல்லவா, அது இங்கே செல்லாது.

ஹீரோவே களத்துல இறங்கி அடி வாங்குறாரே, எப்படிக் காப்பாத்துறது?

மூன்றில் ஹீரோ ஓரமாகக் குதிரையில் நின்று மந்திரம் மட்டும் போடுவார், அவரை யாரும் தொட முடியாது. நான்கில் அவரும் ஒரு படைவீரர். படையின் ஏழு இடங்களில் அவரும் ஒன்றை அடைத்துக்கொள்வார், அடிப்பார், அடிபடுவார், சாவார். முதல் வாரத்தில் அவர் நோஞ்சான். அங்கேதான் மூன்றிலிருந்து வந்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள்: பழைய பழக்கத்தில் தனி ஹீரோவைப் புதையல் பொறுக்க அனுப்பி, ஓநாய்க் கூட்டத்திடம் கொடுத்துவிடுவது.

முதலில், படைத் திரையில் அணிவகுப்பை மாற்றிப் பாருங்கள். தளர்வு, நெருக்கம், சதுரம் என்று மூன்று உண்டு. ஹீரோவுக்கு முன்னால் கனத்த படை நிற்கும்படி இடத்தை மாற்றுங்கள். இரண்டாவது, சின்னச் சண்டைகளில் ஹீரோவை நகர்த்தாமல் தற்காப்பில் நிற்கவிடுங்கள், படையே முடித்துவிடும். அனுபவப் புள்ளி அவருக்கு எப்படியும் வரும். மூன்றாவது, பறக்கும் எதிரிகளையும் சுடும் எதிரிகளையும் முதலில் தீருங்கள். பின்வரிசையை எட்டக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

இறவாமை மருந்து ஒன்றைக் குடித்துவைத்திருந்தால் விழுந்த இடத்திலேயே எழுந்துகொள்வார். பெரிய சண்டைக்கு முன் இதில் கஞ்சத்தனம் கூடாது.

ஹீரோ செத்தா அவ்வளவுதானா?

இல்லை. படை வென்றுவிட்டால் அவருடைய உடல் படையோடேயே வரும், டவுனுக்குக் கொண்டுபோனால் உயிர்த்தெழுவார். படை முழுக்கத் தோற்றால் எதிரியின் டவுன் சிறையில் கிடப்பார். அந்த டவுனைப் பிடித்தால் மீட்கலாம். இரண்டிலும் இழப்பு நாட்கள்தாம். அதனால்தான் இரண்டு ஹீரோக்களை ஒரே படையில் வைப்பது நல்லது. அனுபவம் இரண்டாகப் பிரியும், ஆனால் ஒருவர் விழுந்தாலும் பயணம் நிற்காது.

நான்தான் முதல்ல அடிச்சேன், எனக்கு எப்படி இவ்வளவு சேதம்?

நெருங்கி அடிக்கும்போது அடியும் பதிலடியும் ஒரே நேரத்தில் விழுகின்றன. இரண்டு பக்கமும் 30 பேர் என்று வையுங்கள். நீங்கள் அடித்ததில் 12 பேர் சாகிறார்கள். மூன்றில் மிச்சமுள்ள 18 பேர்தான் திருப்பி அடிப்பார்கள். நான்கில் அந்த 30 பேருமே அடித்துவிட்டுத்தான் 12 பேர் விழுகிறார்கள். முந்திக்கொண்டவருக்கு மூன்றில் கிடைத்த இலவச லாபம் இங்கே போய்விட்டது. முதலடித் திறன் கொண்ட படைகளுக்கு மட்டும் பழைய விதி பொருந்தும். வலது கிளிக்கில் அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாயுங்கள்.

சுடுகிறவர்களுக்கும் இதே கதைதான். நீங்கள் சுட்டால், சுடத் தெரிந்த எதிரி பதிலுக்குச் சுடுவார். ஆகவே சுடத் தெரியாதவர்களை நோக்கி உங்கள் வில்லாளிகளைத் திருப்புவதே லாபம்.

தாக்குதல், தற்காப்பு எண்ணெல்லாம் அதே கணக்குதானா?

இல்லை, இது பலர் கவனிக்காமல் விடுகிற இடம். மூன்றில் கூட்டல் கழித்தல் கணக்கு: எதிரியின் தற்காப்பைவிட உங்கள் தாக்குதல் ஒரு புள்ளி கூடினால் சேதம் 5 சதம் ஏறும், ஒரு புள்ளி குறைந்தால் 2.5 சதம் இறங்கும். நான்கில் வகுத்தல் கணக்கு: தாக்குதலைத் தற்காப்பால் வகுத்து வருவதே மடங்கு.

தாக்குதல் 20, தற்காப்பு 10 என்றால் மூன்றில் சேதம் ஒன்றரை மடங்கு, நான்கில் இரண்டு மடங்கு. திருப்பிப் போட்டால், தாக்குதல் 10, தற்காப்பு 20 என்றால், மூன்றில் முக்கால் பங்கு, நான்கில் பாதி. எண்கள் சின்னதாக இருக்கும் ஆட்டத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு புள்ளி தரும் கவசம்கூடப் பெரிய வித்தியாசம் காட்டும். மூன்றில் அலட்சியமாக விட்ட கேடயத்தை இங்கே நடந்துபோய் எடுக்கலாம்.

வில்லாளிங்க பாதி நேரம் சுடவே மாட்டேங்குறாங்க?

பார்வைக்கோடு மறைகிறது. பாறை, மரம், மதில், சில சமயம் உங்கள் ஆட்களே குறுக்கே நிற்பார்கள். மறைவில் இருப்பவரை அடிப்பது கடினம் என்பது விதி. ஓர் அடி தள்ளி நகர்த்திப் பாருங்கள். விதியில் குறை சொல்ல ஏதுமில்லை, குறை களத்தை வரைந்த விதத்தில்தான். மூன்றின் களம் 15க்கு 11 அறுகோணம், யார் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வையில் தெரியும். நான்கின் சாய்வான களத்தில் கட்டங்கள் மிகப் பொடி. எது மறைக்கிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஒரு ஹீரோகிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் படையைக் கைமாத்தி ஓடுற டெக்னிக் இதுல வேலை செய்யலையே?

செய்யாது. மூன்றில் நடக்கும் சக்தி ஹீரோவுடையது. மூன்று ஹீரோக்களை வழிநெடுக நிறுத்தி அஞ்சலோட்டம் போலப் படையைக் கைமாற்றினால் மூன்று நாள் தூரத்தை ஒரே நாளில் கடக்கலாம். நான்கில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி நடைப்புள்ளி. யாரிடம் கொடுத்தாலும், நடந்த கால் நடந்ததுதான்.

பதிலுக்கு இரண்டு வசதி கிடைத்திருக்கிறது. ஹீரோ இல்லாமலேயே படை தனியாக நடக்கும், வேவு பார்க்கும், சண்டை போடும். டவுனில் கேரவன் கட்டினால், மற்ற டவுன்களிலும் மேப்பில் நீங்கள் பிடித்த குடியிருப்புகளிலும் சேர்ந்த படையை அங்கிருந்தே வரவழைக்கலாம். காற்றாலையையும் நீராலையையும் ஒருமுறை பிடித்துவிட்டால் வாராவாரம் ஹீரோவை அனுப்பத் தேவையில்லை. மூன்றில் பாதி நேரத்தைத் தின்ற கூரியர் வேலை இங்கே மிச்சம்.

ஸ்கில் திரையே தலை சுத்துது. எதை எடுக்கலாம்?

ஒன்பது முதன்மைத் திறன், ஒவ்வொன்றின் கீழும் மூன்று துணைத் திறன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. ஒரு ஹீரோ அதிகபட்சம் ஐந்து முதன்மைத் திறன்களைத்தான் வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் ஐந்தையும் சீக்கிரமே நிரப்பிவிட்டு எதிலும் உயராமல் நிற்பார்கள். இரண்டோடு தொடங்குங்கள், மூன்றாவது தானாக வரும்.

படைத்தலைவருக்கு டாக்டிக்ஸ் (படை நடத்துவது), காம்பாட் (தானே சண்டையிடுவது). மந்திரவாதிக்கு அந்த டவுனின் பள்ளி, கூடவே காம்பாட், உயிரோடு இருக்கத்தான். நொபிலிட்டி (ஆட்சித் திறன்) எடுத்தவரைக் களத்துக்கே அனுப்ப வேண்டாம். டவுனின் ஆளுநராக உட்காரவைத்தால் அங்கே படை கூடுதலாகச் சேரும், எஸ்டேட்ஸ் துணைத்திறன் தினமும் பொன் தரும். திறன்கள் சேரும் விதத்தைப் பொறுத்து ஹீரோவின் வகுப்பும் மாறும், அதற்கொரு கூடுதல் பலனும் உண்டு. உதாரணத்துக்கு, உயிர் மந்திரமும் மரண மந்திரமும் சேர்ந்தவர் டார்க் ப்ரீஸ்ட். அதற்காகவே திறன்களைத் துரத்தாதீர்கள், தற்செயலாக அமைந்தால் சரி.

ஒரே ஹீரோவை வச்சு மேப்பையே முடிக்கலாமாமே? அப்போ படை எதுக்கு?

முடிக்கலாம். காம்பாட், மெலீ (நெருங்கி அடிப்பது), மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மந்திர எதிர்ப்பு) மூன்றையும் உச்ச நிலைக்குக் கொண்டுபோன ஹீரோவை மந்திரம் தொடாது, கத்தி கீறாது. தனியாகப் போவதால் அனுபவம் முழுக்க அவருக்கே. பெரிய மேப்பின் பின்பாதி அதன்பிறகு வெறும் நடைப்பயணம்.

ஹீரோவைக் களத்தில் இறக்கியதுதான் தப்பு என்று இதை வைத்துச் சொல்வார்கள். மேலே கேட்ட இரண்டு கேள்விகளை இங்கே பொருத்திப் பாருங்கள். எதிரில் மனிதர் இருந்தால் அவரும் அப்படியொரு ஹீரோவை வளர்ப்பார், அல்லது வளரும் முன்பே முளையில் கிள்ளுவார். கணினி இரண்டையும் செய்வதில்லை. சமநிலையிலும் கோளாறு உண்டு, ஆனால் ஆட்டத்தைச் சப்பென்று ஆக்குவது எதிராளியின் மந்தம்தான்.

கம்ப்யூட்டர் சும்மாவே உக்காந்திருக்கு, இதைச் சரிபண்ண வழி இருக்கா?

முழுதாக இல்லை. படையைச் சேர்த்து வைத்துக்கொண்டு டவுனைச் சுற்றியே திரியும் அதன் குணம் மாறாது. ஈக்விலிப்ரிஸ் என்ற மாட், அதாவது ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு, சமநிலையைப் பெருமளவு திருத்துகிறது. மேலே சொன்ன முழுத் தொகுப்பின் மேல் அதை நிறுவ வேண்டும். முதலில் மாட் இல்லாமல் ஒரு மேப்பாவது ஆடுங்கள், எது திருத்தம் என்று அப்போதுதான் தெரியும். மேப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. திறந்த வெளியில் எதிரியோடு மோதும் மேப்புகளைத் தவிர்த்து, காவல்படைகளும் கதை நிகழ்வுகளும் நிறைந்தவற்றை எடுத்தால் எதிராளியின் பலவீனம் அவ்வளவாக உறுத்தாது. மூன்றில் இருந்த தானியங்கி மேப் உருவாக்கி நான்கில் இல்லை என்பதால் இந்தத் தேர்வு இன்னும் முக்கியம்.

கேம்பெய்ன்ல எதை முதல்ல ஆடலாம்?

ஹாஃப் டெட். பாதி செத்தவரான கால்டாத்தின் கதை, நெக்ரோபோலிஸ் அணி. ஆறு கேம்பெய்ன்களில், அதாவது ஒரே கதையைத் தொடரும் மேப் வரிசைகளில், எழுத்து மிக நன்றாக இருப்பது இதில்தான், வாம்பயர் பலமும் கையில் இருப்பதால் விதிகளைக் கற்க இடம் கிடைக்கும். ஹீரோ அடுத்த மேப்புக்கும் வருவார் என்பதால் ஸ்கில் தேர்வில் அவசரம் வேண்டாம். மூன்றின் உலகம் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மாயவாள்கள் மோதி என்ராத் அழிந்தது, தப்பியவர்கள் வாயில்கள் வழியாக ஆக்ஸியாத் என்ற புது உலகுக்கு வந்தார்கள்.

மியூசிக் எப்படி?

மூன்றைவிட ஒரு படி மேல். பால் ரோமெரோ, ராப் கிங், ஸ்டீவ் பாகா. நான்கைத் திட்டுகிறவர்களும் இதில் வாயைத் திறப்பதில்லை.

தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு ஆடிப் பாக்கணும்?

ஹாஃப் டெட்டின் முதல் இரண்டு மேப், பிறகு நடுத்தர அளவுத் தனி மேப் ஒன்று. தனி மேப்பை நெக்ரோபோலிஸ் தவிர வேறு டவுனோடு ஆடுங்கள், இல்லையென்றால் வாம்பயரைத்தான் எடைபோடுவீர்கள். பிறகு அதே மேப்பை அதே டவுனோடு, போன முறை கட்டாமல் விட்ட மூன்று படைகளைக் கட்டி இன்னொரு முறை. இரண்டாவது ஆட்டம் வேறு ஆட்டமாகத் தெரிந்தால் நான்கு உங்களுக்கானது. அதே சண்டைகள் அதே வரிசையில் நடந்தன என்று தோன்றினால் மூன்றுக்கே திரும்பிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் மூன்றாவது முறை நண்பரோடு ஒரே கணினியில் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். விதி எது, மந்தம் எது என்பது அப்போது பட்டென்று பிரிந்துவிடும்.

இவ்வளவு நல்லதுன்னா அஞ்சுல ஏன் எல்லாத்தையும் தூக்கிட்டாங்க?

நிவால் என்ற நிறுவனம் செய்த ஐந்தாவது ஆட்டம் 2006இல் வந்தபோது மூன்றின் அச்சுக்கே திரும்பியது: ஏழு படி, அப்கிரேட், அடிபடாத ஹீரோ. ஆனால் அதன் முதல் விரிவாக்கமான ஹேமர்ஸ் ஆஃப் ஃபேட்டில் கேரவன் திரும்பி வந்தது. 2007இல் வந்த ட்ரைப்ஸ் ஆஃப் த ஈஸ்டில் ஒவ்வொரு படைக்கும் இரண்டு அப்கிரேட், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானது.